கதைக்கும் மணிக்கூடு: பிரவுசரில் திறந்து தமிழில் நேரம் சொல்ல வைப்பது எப்படி?

வாவிக்கரை, களுவாஞ்சிகுடி

முதியோர் இல்லம் ஒன்றின் கூடத்தில் நேரம் சொல்லும் மணிக்கூடு ஒன்றைக் கணினியில் ஓட வைக்க வேண்டியிருக்கிறது. அங்கே ஆறு பேருக்குப் பார்வை மங்கல், ஒருவருக்கு முற்றாகத் தெரியாது. கால் மணிக்கு ஒரு தடவை தானாகச் சொல்ல வேண்டும். இடையில் யாராவது ஒரு விசையை அழுத்திக் கேட்டால் அந்த நிமிடத்தையும் சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல வேண்டும் என்பதுதான் முக்கியம்.

முன்பிருந்த கணினியில் பிரவுசரில் ஓர் இணைப்பைக் கிளிக் பண்ணினால் ஜாவா திறந்து, ஆங்கிலத்தில் நேரம் சொல்லும் மணிக்கூடு வரும். ஃப்ரீ டிடிஎஸ் என்று பெயர் போட்டிருக்கும். இப்போதுள்ள கணினியில் அதே இணைப்பைத் தொட்டால் ஜேஎன்எல்பி என்று முடியும் சின்னக் கோப்பு இறங்குகிறது, அதோடு சரி. பிறகு பிரவுசரே எழுத்தை வாசிக்கும் ஒரு பக்கத்தைப் போட்டுப் பார்த்தேன். ஆங்கிலம் வாசிக்கிறது, தமிழுக்குச் சத்தமே இல்லை, பிழை என்றும் எதுவும் காட்டவில்லை. கணினியைப் போட்டதும் பக்கம் தானாகத் திறக்கும்படியும் செய்து பார்த்தேன். யாராவது மவுஸைக் கிளிக் பண்ணும்வரை ஊமையாகவே நிற்கிறது.

கணினி விண்டோஸ் 10, ரெம் 4 ஜிபி. குரோம், எட்ஜ் இரண்டும் இருக்கின்றன. இன்டர்நெட் டொங்கிளில்தான், மாதக் கடைசியில் டேட்டா முடிந்துவிடும். ஸ்பீக்கர் ப்ளூடூத். கரண்ட் போய் வருவது சாதாரணம். எந்த வழியில் போவது நல்லது?

கல்லடிப்பாலம், மட்டக்களப்பு

ஜாவா வழியை விட்டுவிடுங்கள். அந்தக் கோப்பு ஜாவா வெப் ஸ்டார்ட் என்ற கருவிக்கானது. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11 இலிருந்து அந்தக் கருவியையே எடுத்துவிட்டார்கள். கோப்பு இறங்கியும் ஒன்றும் நடக்காததற்கு அதுதான் காரணம். ஜாவா 8 போட்டோ, ஓப்பன் வெப் ஸ்டார்ட் போட்டோ அதைத் திறக்கலாம். ஆனால் திறந்தாலும் ஆங்கிலம்தான். ஃப்ரீ டிடிஎஸ் என்பது எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆய்வுகூடத்தில் ஜாவாவில் எழுதப்பட்டது. கூடவே வரும் குரல்கள் கெவின், கெவின்16, அலன். மூன்றுக்கும் தமிழ் தெரியாது.

ஆனாலும் அந்த அலன் குரலைக் கவனிக்க வேண்டும். கெவின் எந்த ஆங்கில வசனத்தையும் வாசிக்கும், ஆனால் இயந்திரம் மாதிரி. அலன் நேரத்தைத் தவிர வேறொன்றும் சொல்லாது, ஆனால் மனிதர் சொல்வதுபோல இருக்கும். நேரம் சொல்லத் தேவையான சொற்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை ஒரு மனிதரின் வாயால் பதிந்து, வேண்டிய துண்டுகளை எடுத்துச் சேர்த்தார்கள். தமிழிலும் இதையே செய்யுங்கள். கிட்டத்தட்ட நூறு சொச்சம் ஓடியோத் துண்டுகள், ஒரு பக்கம், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். ஜாவாஸ்கிரிப்ட் வேறு, ஜாவா வேறு. கணினியில் ஜாவா இருக்கவே தேவையில்லை.

பிரவுசரின் வாசிப்புக் குரல் ஏன் ஊமையானது என்றால், பிரவுசருக்கென்று தமிழ்க் குரல் கிடையாது, இருக்கிற குரல்களில் ஒன்றைத்தான் எடுக்கும். தமிழ் கிடைக்காவிட்டால் ஆங்கிலக் குரலிடம் தமிழ் எழுத்தைக் கொடுக்கும், அது வாசிக்கத் தெரியாமல் தாண்டிப் போய்விடும். எட்ஜில் இலங்கைத் தமிழுக்கென்றே குமார், சரண்யா என்று இரண்டு குரல்கள் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் அவை ஒன்லைன் குரல்கள். டேட்டா முடிந்த அன்று மணிக்கூடும் வாயை மூடிவிடும். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து அதன் பேச்சுப் பொதியையும் இறக்கினால் வள்ளுவர் என்ற குரல் கணினியிலேயே தங்கும், அது இந்தியத் தமிழ். இந்த வழியில்தான் போவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: பக்கம் திறந்தவுடன் குரல் பட்டியலைக் கேட்டால் அது வெறுமையாக வரும். பட்டியல் நிரம்பியதும் பிரவுசர் ஒரு நிகழ்வை அனுப்பும், அதற்குப் பிறகே குரலைத் தெரிவு செய்ய வேண்டும். 8:30 என்று இலக்கத்தில் கொடுக்கவும் கூடாது, எட்டரை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். இலக்கத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு விதமாக வாசிக்கும். இந்தக் கூடத்துக்கு நான் பதிவுத் துண்டுகளைத்தான் சொல்வேன்.

பக்கத்தை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கோப்புறையில் வைத்து இரட்டைக் கிளிக் பண்ணித் திறந்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதே கோப்புறையிலுள்ள மற்றக் கோப்புகளைப் போய் எடுப்பதைக் குரோம் மறிக்கும். ஓடியோத் துண்டு வராது. எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் இணைய முகவரியில் வையுங்கள், பக்கங்களை இணையத்தில் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் இலவசம், போதும். பக்கத்தோடு சர்வீஸ் வேர்க்கர் ஒன்றை, அதாவது பின்னணியில் நின்று கோப்புகளைச் சேமித்துக் கொடுக்கும் சிறு நிரலை, எழுதி, முதல் தடவை திறக்கும்போதே எல்லாத் துண்டுகளையும் கணினியில் சேமிக்கச் செய்யுங்கள். பிறகு டேட்டா இல்லாவிட்டாலும் அதே முகவரி திறக்கும். பக்கத்தின் பெயர், ஐகன் போன்ற விபரங்களைச் சொல்லும் மெனிஃபெஸ்ட் கோப்பும் இருந்தால் குரோம் மெனுவில் நிறுவும் வசதி வரும், நிறுவினால் முகவரிப் பட்டி இல்லாத தனிச் சாளரமாகத் திறக்கும். ஒரு துண்டைத் திருத்திப் புதிதாக ஏற்றினால் சேமிப்பின் பெயரையும் மாற்ற வேண்டும், ஒன்று என்பதை இரண்டு என்று. மாற்றாவிட்டால் எத்தனை தரம் புதுப்பித்தாலும் பழைய குரல்தான் வரும்.

கிளிக் பண்ணும்வரை ஊமையாக நிற்பது பழுதில்லை. 2018 இல் வந்த குரோம் 66 இலிருந்து, ஆள் தொடாத பக்கம் சத்தம் போடக் கூடாது என்பது விதி. வாசிப்புக் குரலுக்கும் குரோம் 71 இலிருந்து அதே விதி. கூடத்துக் கணினியில் இதைத் தளர்த்தலாம். குரோமின் சுருக்குவழி ஐகனில் வலக் கிளிக், பண்புகள், டார்கெட் பெட்டி. அங்கே கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடு, ஓட்டோபிளே, சிறுகோடு, பொலிசி, சமக்குறி, பிறகு நோ யூசர் ஜெஸ்சர் ரிக்குவயர்ட் என்பதைச் சொற்களுக்கிடையே சிறுகோடு போட்டு ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். அதன் பின்னால் இடைவெளி விட்டு முகவரி. விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, ஷெல், முக்காற்புள்ளி, ஸ்டார்ட்டப் என்று சேர்த்து அடித்தால் ஒரு கோப்புறை திறக்கும், அந்தச் சுருக்குவழியை அதற்குள் போட்டுவிடுங்கள்.

இதில் பலர் ஏமாறும் இடம்: குரோம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தால் புதிய சுருக்குவழியின் கட்டளை கணக்கில் எடுபடாது. சாளரத்தை மூடினாலும் பின்னணியில் ஓட விடும் ஓர் அமைப்பு குரோமில் இருக்கிறது, சிஸ்டம் பகுதியில். அதை நிறுத்தி வையுங்கள்.

தறிச்சத்தம், மருதமுனை

பதிவு விசயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல எண்களைத் தனித்தனியாகப் பதிந்து ஒட்டினால் தமிழில் கெட்டுப்போகும். ‘எட்டு’ ஒரு துண்டு, ‘அரை’ ஒரு துண்டு என்று ஒட்டினால் ‘எட்டு… அரை’ என்று இரண்டு சொல்லாக விழும். நாம் சொல்வது எட்டரை. எட்டின் கடைசி உகரம் போய், ட்-இல் அகரம் ஏறிவிடுகிறது. எந்த மென்பொருளாலும் இரண்டு துண்டை ஒட்டி அதை உண்டாக்க ஏலாது. அதனால் கால், அரை, முக்கால் மூன்றையும் பன்னிரண்டு மணிக்கும் முழுதாகவே பதியுங்கள். மொத்தம் 36.

‘எட்டு மணி’ என்பதையும் இரண்டு விதமாகப் பதிய வேண்டும். சரியாக எட்டு மணிக்குச் சொல்லும்போது குரல் கீழே இறங்கி முடியும். ‘எட்டு மணி இருபது நிமிடம்’ என்பதில் மணி என்ற இடத்தில் குரல் இறங்காது, இன்னும் வரவிருக்கிறது என்று நிற்கும். ஒரே துண்டை இரண்டு இடத்துக்கும் பாவித்தால், கேட்பவர் எட்டு மணி என்று முடிந்ததாக நினைத்துத் திரும்பிவிடுவார், நிமிடம் காதில் ஏறாது. ஆகவே மணிக்கு 24. நிமிடம் 1 இலிருந்து 59 வரை, 15, 30, 45 நீங்கலாக 56. நாளின் பகுதிக்கு 5. எல்லாம் சேர்த்து 121 துண்டு.

நாளின் பகுதியில் பேச்சில் இருக்கிற சொல்லைப் போடுங்கள். ‘மாலை நான்கு மணி’ என்று வானொலிதான் சொல்லும், இங்கே யாரும் சொல்வதில்லை. விடிய, காலை, பகல், பின்னேரம், இரவு. நான் போடும் எல்லை: 4 மணியிலிருந்து விடிய, 6 இலிருந்து காலை, 12 இலிருந்து பகல், 3 இலிருந்து பின்னேரம், 7 இலிருந்து அடுத்த நாள் 4 வரை இரவு. கூடத்தில் இருக்கிறவர்களிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், அவர்கள் வாயில் வருவதுதான் சரி.

பதிபவரிடம் ‘ஐந்தரை’ என்று எழுதிய தாளைக் கொடுக்காதீர்கள். எழுத்தைப் பார்த்தால் செய்தி வாசிப்பதுபோல வாசிப்பார். 5.30 என்று இலக்கத்தில் எழுதிக் காட்டி, நேரம் என்ன என்று கேளுங்கள். ‘அஞ்சரை’ என்று தானாக வரும். 1.00 என்று காட்டினால் ‘ஒரு மணி’, 1.30 என்று காட்டினால் ‘ஒண்டரை’. இலக்கணம் அவர் வாயிலேயே இருக்கிறது.

நிமிடங்களுக்கு 8.01 இலிருந்து 8.59 வரை முழு வசனமாகச் சொல்ல வைத்து, ‘எட்டு மணி’யை வெட்டி எறிந்து நிமிடத்தை எடுங்கள். தனியாக ‘இருபது நிமிடம்’ என்று பதிந்தால் தொடக்கத்தில் ஓர் அழுத்தம் விழும், ஒட்டும்போது இடிக்கும். இடைநிலை மணிக்கும் அப்படித்தான்: 1.20, 2.20, 3.20 என்று பன்னிரண்டு வசனம் சொல்ல வைத்து நிமிடத்தை வெட்டிவிடுங்கள். முழுவதையும் ஒரே ஆள், ஒரே இருப்பில் பதிவதுதான் நல்லது. மறுநாள் பதிந்தால் குரலின் உயரம் மாறியிருக்கும், ஒட்டினால் இரண்டு பேர் கதைப்பதுபோல இருக்கும்.

போனில் பதிந்தாலே போதும். வாய்க்கு ஒரு சாண் தூரம், நேர் எதிரே வேண்டாம், கொஞ்சம் பக்கவாட்டில். நேரே வைத்தால் பத்து, பதினொன்றில் ப-வின் காற்று மைக்கில் அடித்து ‘புப்’ என்று விழும். மின்விசிறிச் சத்தம் ஒரே சீரானது, ஓடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் குறைக்கலாம். தறிச்சத்தம், காகம், முச்சக்கர வண்டி இதெல்லாம் விட்டு விட்டு வருவது, குறைக்க வராது. இரவு பத்துக்குப் பிறகு பதியுங்கள். தொடக்கத்தில் இரண்டு செக்கன் யாரும் கதைக்காமல் பதிந்து, அந்த இடத்தைத் தெரிவு செய்து இரைச்சல் மாதிரியாகக் கொடுக்க வேண்டும். குறைக்கும் அளவு 12 டெசிபெல்லுக்கு மேல் ஏற்றினால் தண்ணீருக்குள் இருந்து கதைப்பதுபோல ஆகும்.

ஒவ்வொரு துண்டையும் தெரிவு செய்து கொன்ட்ரோல், பி அழுத்தினால் பெயர்ச்சீட்டு ஒட்டும். கடைசியில் பல கோப்புகளாக ஏற்றுமதி கொடுத்தால் சீட்டுப் பெயரிலேயே 121 கோப்பும் வரும். மோனோ, 22,050 ஹேர்ட்ஸ், வேவ் வடிவம். எம்பி3 வேண்டாம், அது முன்னும் பின்னும் ஒரு துளி மௌனத்தைத் தானாகச் சேர்க்கும், ஒட்டும் இடத்தில் விக்கல் மாதிரி வரும். வேவ் என்றால் ஒரு செக்கனுக்கு 44 கிலோபைட் அளவில் ஆகும். ஒன்றரைச் செக்கன் துண்டு 121 சேர்த்தும் 8 மெகாபைட்தான். கோப்புப் பெயர் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல். விண்டோஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்காது, கிட்ஹப் பார்க்கும். வீட்டில் ஓடியது அங்கே ஏற்றியதும் சில மணிக்கு மட்டும் ஊமையாவது இதனால்தான்.

இன்னொன்று: 10:45 என்பது பத்தே முக்கால். ஆங்கிலக் குறியீட்டைப் பார்த்து எழுதுபவர்கள் அடுத்த மணியை எடுத்து, பதினொன்றே முக்கால் என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் முக்கால் மணி அடுத்த மணியைச் சேரும், தமிழில் நடக்கிற மணியைச் சேரும்.

வாவிக்கரை, களுவாஞ்சிகுடி

மருதமுனை நானா, 5.30 என்று இலக்கம் காட்டும் வழி அருமை. இன்றைக்கே மூன்று பேரைச் சொல்ல வைத்துப் பார்த்தேன், மூவரும் அஞ்சரை என்றுதான் சொன்னார்கள்.

கல்லடி அண்ணனின் வழியில் சோதனைக்கு ஆறு துண்டோடு பக்கத்தை ஏற்றினேன், சத்தம் வருகிறது. நேரக் கணக்குக்கு இணையத்தில் கிடைத்த ஒரு ஸ்கிரிப்டைப் போட்டேன், மணிக்கொரு தடவை ஒலிப்பது. அது எட்டு மணிக்கு ஒலிக்காமல் எட்டரைக்கு ஒலிக்கிறது, பிறகு ஒன்பதரைக்கு. கணினியின் மூலையில் நேரம் சரியாக இருக்கிறது. கால் மணிக்கு ஒரு தடவை என்று மாற்றினால் எல்லாம் சரி. ஏன்?

வட்டவிதானை, அக்கரைப்பற்று

கணினி உள்ளே நேரத்தை 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லி செக்கன்களாக எண்ணுகிறது. அந்த எண்ணை 3,600,000 ஆல் வகுத்து மீதி பூச்சியமானால் ஒரு மணி முடிந்தது என்று ஸ்கிரிப்ட் எழுதியவர் எடுத்திருப்பார். அது கிரீன்விச்சின் மணி. நாம் 5 மணி 30 நிமிடம் முன்னால், அதாவது 330 நிமிடம். 330 ஐ 60 ஆல் வகுத்தால் மீதி 30. அங்கே மணி அடிக்கும்போது இங்கே அரை. 15 ஆல் வகுத்தால் 22, மீதி இல்லை. கால் மணிக்குச் சரியாக வந்தது அதனால்தான்.

வகுத்தல் வேண்டாம். உள்ளூர் மணியையும் நிமிடத்தையும் ஜாவாஸ்கிரிப்டிடமே கேளுங்கள், கணினியின் நேர வலயத்தைப் பார்த்து அது கொடுக்கும். 330 என்ற எண்ணைக் கையால் எழுதிக் கூட்டும் பழக்கமும் வேண்டாம். 1996 மே மாதம் இலங்கை ஆறரை மணி முன்னுக்குப் போனது, அதே ஆண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகியது, 2006 ஏப்ரலில் ஐந்தரைக்குத் திரும்பியது. 2006 க்குப் பிறகு புதுப்பிக்காத பழைய கணினிகளில் ஸ்ரீ ஜயவர்தனபுர வலயத்தைத் தெரிவு செய்தால் அரை மணி கூடக் காட்டுவது அந்தக் காலத்து மிச்சம். விண்டோஸ் 10 இல் அந்த வலயம் சரி, அதையே போடுங்கள்.

அடுத்தது டைமர். செக்கனுக்கு ஒரு தடவை எண்ணி 900 வந்ததும் ஒலிக்கச் செய்யாதீர்கள், ஒவ்வொரு எண்ணலிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தும். ஒவ்வொரு தடவையும் இப்போதைய நேரத்தைப் பார்த்து, அடுத்த கால் மணிக்கு இன்னும் எவ்வளவு என்று கணக்கிட்டு, ஒரே ஒரு டைமர் வையுங்கள். அது அடித்ததும் அடுத்ததைப் புதிதாகக் கணக்கிடுங்கள். குறி வைக்கும் இடம் சரியாக 8:15:00 ஆக இருக்க வேண்டாம், அரைச் செக்கன் தள்ளி வையுங்கள். டைமர் ஒரு இமைப்பொழுது முந்தி அடித்தால் நிமிடம் 14 என்று வாசித்து, எட்டேகால் சொல்வதற்குப் பதிலாக எட்டு மணி பதினாலு நிமிடம் என்று சொல்லும்.

பக்கம் மறைந்திருந்தால் டைமரைப் பிரவுசர் அமுக்கும். குரோம் 88 இலிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்து சத்தமில்லாமல் கிடக்கும் பக்கத்தின் தொடர் டைமர்களை நிமிடத்துக்கு ஒரு தடவைதான் எழுப்பும். எட்டேகால் எட்டேகாலும் ஐம்பது செக்கனும் ஆகலாம். வேறு சாளரம் முழுதாக மூடி மறைத்தாலும் விண்டோஸில் அது மறைந்த பக்கம்தான், சுருக்கி வைக்கவே தேவையில்லை. வழி: டைமரை வெப் வேர்க்கருக்குள், அதாவது பக்கத்துக்குப் பின்னால் தனியாக ஓடும் நிரலுக்குள், வையுங்கள், அங்கே இந்த அமுக்கம் இல்லை. வேர்க்கர் ‘இப்போது’ என்று செய்தி அனுப்பட்டும், பக்கம் துண்டுகளை ஒலிக்கட்டும். எட்ஜில் ஓட்டுவதென்றால் தூங்கும் தாவல்கள் என்ற அமைப்பில் உங்கள் முகவரியை விலக்கி வையுங்கள். தாவலே தூங்கிவிட்டால் வேர்க்கரும் சேர்ந்து தூங்கும்.

கணினி தூங்கி எழுந்தால் தவறிய டைமர் எழுந்தவுடன் அடிக்கும். குறி வைத்த நேரத்துக்கும் அடித்த நேரத்துக்கும் இடையே 20 செக்கனுக்கு மேல் இருந்தால் சொல்லாமல் விட்டுவிடும்படி எழுதுங்கள். பதினொன்று இருபதுக்குப் பத்தரை என்று சொல்லும் மணிக்கூட்டை ஒருவரும் பிறகு நம்ப மாட்டார்கள்.

துண்டுகளை ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று முடிவு நிகழ்வைக் காத்து ஓட்டினால் இடைவெளி ஒவ்வொரு தடவையும் மாறும். பிரவுசரிலுள்ள வெப் ஓடியோ என்ற ஒலி வசதியில் எல்லாத் துண்டையும் முன்பே பிரித்து நினைவில் வைத்து, முதல் துண்டின் நீளத்தைக் கூட்டி இரண்டாவதன் தொடக்க நேரத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ‘பின்னேரம்’ முடிந்து 80 மில்லி செக்கன், பிறகு ‘நாலரை’. அந்த அளவு காதுக்கு நன்றாக இருக்கும்.

உப்புக்காற்று, திருக்கோவில்

நிரல் சரியாக இருந்தும் கூடத்தில் கெடுவது ஸ்பீக்கரால். ப்ளூடூத் ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் தூங்கும். கால் மணிக்கு ஒரு தடவை எழுப்பினால் முதல் அரைச் செக்கனை விழுங்கிவிட்டுத்தான் ஒலிக்கும். ‘பின்னேரம் நாலரை’ என்பது ‘…ரம் நாலரை’ ஆகும். சில ஸ்பீக்கர்கள் முற்றாகவே அணைந்துவிடும். வயர் ஸ்பீக்கர் வாங்குங்கள், 3.5 மில்லிமீட்டர் ஜாக், மின்சாரம் யுஎஸ்பியில் எடுப்பது. அதோடு, சொல்லுக்கு முன்னால் ஒரு செக்கன் மணியோசை வையுங்கள். விழுங்குவதானால் அதை விழுங்கட்டும். காது மந்தமானவர்களுக்கும் அந்த ஓசை கேட்டதும் திரும்பிக் கவனிக்க நேரம் கிடைக்கும்.

கடற்கரைப் பக்கம் ஜாக்கின் முனையில் ஆறேழு மாதத்தில் பச்சை பூக்கும், கரகரவென்று சத்தம் வரும். கணினியை அணைத்து, ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த பஞ்சால் முனையைத் துடைத்து, ஓட்டைக்குள் நாலைந்து தரம் செருகி எடுத்தால் போதும்.

கரண்ட் போய் வரும் இடத்தில் தாய்ப்பலகையிலுள்ள காசு போன்ற பட்டரியைக் கட்டாயம் பாருங்கள், சீ.ஆர். 2032, மூன்று வோல்ட். அது செத்திருந்தால் கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் கணினியின் திகதி பல வருடம் பின்னுக்குப் போகும். பிழையான நேரம் சொல்வது ஒரு பக்கம். டேட்டா இருக்கும்போது எச்டிடிபிஎஸ் பக்கங்கள் திறக்காமல், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை, உங்கள் மணிக்கூடு பிந்தியிருக்கிறது என்ற பிழை வரும். அதை இன்டர்நெட் கோளாறு என்று நினைத்து ரவுட்டரைப் பிடித்து ஆட்டுவார்கள். மல்டிமீட்டரில் 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். பிறகு விண்டோஸ் நேர அமைப்பில் தானாக ஒத்திசைப்பதை இயக்கி, வாரத்தில் ஒரு நாளாவது டேட்டாவோடு விடுங்கள்.

மின் அமைப்பில் தூக்கம் ‘ஒருபோதும் இல்லை’, திரை வேண்டுமானால் அணையட்டும். விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயோஸ் அமைப்புத் திரையில், கரண்ட் வந்ததும் கணினி தானாக ஒளிரும் அமைப்பு பெரும்பாலான பலகைகளில் உண்டு, அதைப் போட்டு, விண்டோஸ் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே போகும்படி வைத்தால்தான் கல்லடியார் சொன்ன ஸ்டார்ட்டப் சுருக்குவழிக்குப் பயன். போனில் இதை ஓட்ட நினைக்க வேண்டாம். பூட்டிய போனில் பிரவுசர் பக்கம் உறைந்துவிடும்.

வாவிக்கரை, களுவாஞ்சிகுடி

பட்டரி 2.1 வோல்ட். மாற்றியாயிற்று. வயர் ஸ்பீக்கரும் வந்துவிட்டது. கடைசியாக ஒன்று: முற்றாகப் பார்வை இல்லாதவர் என்விடிஏ திரைவாசிப்பான் பழகியவர். மணிக்கூட்டுப் பக்கம் திறந்ததும் என்விடிஏ செக்கனுக்குச் செக்கன் எண்ணிக்கொண்டே இருக்கிறது, நிறுத்த முடியவில்லை. கேட்கும் விசையை எதில் வைப்பது?

கல்லடிப்பாலம், மட்டக்களப்பு

திரையில் ஓடும் இலக்கங்களை நேரலைப் பகுதி என்று குறித்திருப்பீர்கள், ஏரியா லைவ் என்ற பண்பு. அது மாறும் ஒவ்வொரு தடவையும் வாசி என்று திரைவாசிப்பானுக்குச் சொல்வது. எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு டைமர் என்ற பங்கை மட்டும் கொடுங்கள், அது தானாக வாசிக்கப்படாது. செக்கனையே காட்டாமல் விட்டாலும் நல்லது. பார்வை மங்கியவர்களுக்கு மணியும் நிமிடமும் மட்டும், கறுப்பில் மஞ்சள், திரையின் பாதி உயரத்துக்கு.

கேட்கும் விசைக்கு எண்கள் மட்டும் உள்ள சிறிய யுஎஸ்பி விசைப்பலகை ஒன்று வாங்கி, கதிரைப் பக்கம் மேசையில் நாடா போட்டு ஒட்டுங்கள். எதை அழுத்தினாலும் நேரம் சொல்லட்டும், தேடிப் பிடிக்கத் தேவையில்லை. என்விடிஏ ஓடும்போது மட்டும் தனி எழுத்து, எண் விசைகளை அது தன் உலாவலுக்குப் பிடித்துக்கொள்ளும். அதற்காகப் பக்கத்தில் உண்மையான பொத்தான் ஒன்றை வைத்து, திறந்தவுடன் கவனக்குறியை அதன்மேல் நிறுத்துங்கள். என்டர் விசை எப்போதும் வேலை செய்யும், எண் பலகையில் வலக் கீழ் மூலையில் நீளமாக இருப்பது அது, விரலுக்கு உடனே தெரியும்.

முதியவர்கள் விசையை அழுத்தினால் உடனே விட மாட்டார்கள். பிடித்திருக்கும் விசை திரும்பத் திரும்ப அடிக்கும், பத்துக் குரல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். விசை நிகழ்வில் ரிப்பீட் என்ற பண்பு உண்மையாக இருந்தால் தள்ளிவிடுங்கள். ஏற்கனவே சொல்லிக்கொண்டிருந்தாலும் புதிய அழுத்தத்தை எடுக்க வேண்டாம். நம்லொக் விசையை ஐந்து செக்கன் பிடித்தால் விண்டோஸ் ஒரு கேள்விப் பெட்டியைத் திறக்கும், ஷிஃப்டை ஐந்து தரம் தட்டினாலும் இன்னொன்று. இரண்டையும் அணுகல் வசதிகளில் விசைப்பலகைப் பகுதியில் நிறுத்துங்கள். இரவு ஒன்பதிலிருந்து விடிய ஐந்து வரை தானாகச் சொல்வது நிற்கட்டும், விசையை அழுத்தினால் மட்டும் பாதிச் சத்தத்தில், மணியோசை இல்லாமல் சொல்லட்டும்.